தாவர லெக்டின்களைச் சர்க்கரையோடு படிகமாக்குதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விதையிலிருந்து லெக்டின் என்ற, சர்க்கரையைப் பிடித்துக்கொள்ளும் புரதத்தைப் பிரித்து, சர்க்கரை பிணைந்த நிலையில் படிகமாக்கி, எக்ஸ்-கதிர் கொண்டு கட்டமைப்பைப் பார்க்க நினைப்பவர்களுக்கான பக்கம் இது. புரதப் படிகமாக்கலின் அரிச்சுவடி தெரிந்திருந்தால் போதும். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறோம். லெக்டினின் சர்க்கரைக் குழி பெரும்பாலும் சும்மா இருப்பதில்லை. தண்ணீரோ, கிளிசராலோ, தூய்மையாக்கும்போது ஊற்றிய குளுக்கோஸோ ஏதாவது ஒன்று அதில் உட்கார்ந்திருக்கும். உட்கார்ந்திருப்பது நீங்கள் வைத்த சர்க்கரைதானா என்ற சந்தேகம் கடைசி வரை கூடவே வர வேண்டும்.

லெக்டின் என்பது எது? நொதியிலிருந்து எப்படி வேறுபடுகிறது?

குறிப்பிட்ட சர்க்கரையை அடையாளம் கண்டு பிடித்துக்கொள்ளும், ஆனால் அதை வெட்டவோ மாற்றவோ செய்யாத புரதம் லெக்டின். பிடிப்பு மீள்தன்மை கொண்டது, பெரும்பாலும் பலவீனமானது. ஒரே மூலக்கூறில் இரண்டோ நான்கோ பிணைப்புக் குழிகள் இருப்பதால்தான் இவை சிவப்பணுக்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கின்றன.

படிகவியலில் இவற்றின் கதை நீளமானது. ஜாக் பீன் விதையிலிருந்து கன்கனாவலின்-ஏ என்ற லெக்டினை ஜேம்ஸ் சம்னர் 1919-இல் படிகமாக எடுத்தார். அதே விதையின் யூரியேஸை 1926-இல் படிகமாக்கியது அவருக்கு 1946-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றுத் தந்தது. கன்கனாவலின்-ஏயின் கட்டமைப்பு 1972-இல் வெளிவந்தது. நிலக்கடலை லெக்டினும் (1994) பலாக்கொட்டையின் ஜாக்கலினும் (1996) பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் எம். விஜயன் குழுவினர் தீர்த்தவை.

முதல்முறை செய்பவர் எதில் தொடங்கலாம்?

கன்கனாவலின்-ஏ. ஒரு துணையலகு 237 அமினோ அமிலம், சுமார் 25.6 கிலோடால்டன். அதன் மேல் சர்க்கரைக் கிளை எதுவும் ஒட்டியிருக்காது. மேனோஸும் குளுக்கோஸும் பிணையும். பிஹெச் 6-க்குக் கீழே இரட்டையாகவும் 7-க்கு மேலே நான்கின் தொகுதியாகவும் இருக்கும். ஆகவே படிகத்தில் இருப்பது இரட்டையா, நான்கின் தொகுதியா என்பதே எந்தப் பிஹெச்சில் படிகம் வந்தது என்பதைப் பொறுத்து மாறலாம்.

இதற்கு மாங்கனீசும் கால்சியமும் கட்டாயம் வேண்டும். இவை நேரடியாகச் சர்க்கரையைத் தொடுவதில்லை. குழியின் வடிவத்தைப் பூட்டி வைப்பது இவற்றின் வேலை. அலனைன் 207-க்கும் அஸ்பார்ட்டேட் 208-க்கும் இடையிலான பெப்டைடு பிணைப்பு சிஸ் நிலையில் நிற்பது இந்த உலோகங்களால்தான். உலோகங்களைப் பிடித்திழுத்துவிடும் இடிடிஏ கலந்த பஃபரை இங்கே பழக்கதோஷத்தில் ஊற்றிவிட வேண்டாம்.

ரிசின் போன்ற நச்சு லெக்டின்கள் சட்டக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. இந்தப் பக்கம் அவற்றைத் தொடவில்லை.

விதையிலிருந்து எடுக்கும் வழி என்ன?

கன்கனாவலின்-ஏவுக்கான ஒரு நடைமுறை அளவு:

50 கிராம் விதை மாவைக் குளிர்ந்த அசிட்டோனில் இரண்டு முறை கழுவிக் கொழுப்பை நீக்கி உலர்த்துங்கள். 500 மில்லி 0.15 மோலார் சோடியம் குளோரைடு கரைசலில் 4 டிகிரியில் இரவு முழுக்கக் கலக்கவிடுங்கள். துணியில் வடிகட்டி, 10,000 ஜி-யில் 30 நிமிடம் சுழற்றுங்கள். தெளிந்த நீரில் அம்மோனியம் சல்ஃபேட்டை 30% செறிவுக்குச் சேர்த்து, வரும் வீழ்படிவை எறிந்துவிட்டு, 80% வரை ஏற்றி அந்த வீழ்படிவை எடுத்துக்கொள்ளுங்கள். அதை 20 மில்லிமோலார் டிரிஸ், பிஹெச் 7.4, 1 மோலார் சோடியம் குளோரைடு, கால்சியம் குளோரைடும் மாங்கனீசு குளோரைடும் தலா 1 மில்லிமோலார் உள்ள பஃபரில் கரைத்து, அதே பஃபருக்கு எதிராக டயாலிசிஸ் செய்து, செஃபடெக்ஸ் ஜி-75 பத்தியில் ஏற்றுங்கள். செஃபடெக்ஸே குளுக்கோஸ் சங்கிலிதான் என்பதால் லெக்டின் அதிலேயே ஒட்டிக்கொள்ளும். 280 நானோமீட்டர் உறிஞ்சல் 0.05-க்குக் கீழே வரும் வரை கழுவி, 0.2 மோலார் குளுக்கோஸ் கொண்டு இறக்குங்கள்.

உப்பைக் குறைக்கும்போது கவனம் தேவை. இந்தப் புரதம் உப்பில் நன்றாகக் கரையும், உப்பு குறைந்தால் வெளியே வந்துவிடும். டயாலிசிஸ் பையில் பளபளப்பாகத் தூள் மிதந்தால் அது கெட்டுப்போன புரதமாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, படிகமாகவே இருக்கலாம். எறிவதற்கு முன் நுண்ணோக்கியில் பாருங்கள்.

இறக்கப் பயன்படுத்திய குளுக்கோஸ் முழுவதும் போய்விட்டதா என்று எப்படித் தெரியும்?

கணக்குப் போட்டாலே பாதி பதில் கிடைத்துவிடும். 10 மில்லி புரதத்தை 2 லிட்டர் பஃபரில் வைத்தால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் சுமார் 200 மடங்கு நீர்க்கும். 0.2 மோலார் குளுக்கோஸ் முதல் மாற்றத்தில் 1 மில்லிமோலார், இரண்டாவதில் 5 மைக்ரோமோலார், மூன்றாவதில் 0.025 மைக்ரோமோலார். குளுக்கோஸின் பிடிப்பு மில்லிமோலார் அளவிலானது என்பதால் மூன்று மாற்றம் போதும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஆறு முதல் எட்டு மணி நேரம் கொடுத்தால்தான் இந்தக் கணக்கு செல்லும். ஒரு மணிக்கொரு தரம் மாற்றிவிட்டு "மூன்று முறை செய்தோம்" என்று எழுதிவைப்பதில் பயனில்லை.

மீதிப் பாதிக்குச் சிவப்பணு ஒட்டல் சோதனை இருக்கிறது. யு வடிவ அடியுள்ள 96 குழித் தட்டில் லெக்டினை இரண்டிரண்டு மடங்காக நீர்த்து, அதே அளவு 2% முயல் சிவப்பணுக் கலவை சேருங்கள். அணுக்கள் ஒட்டினால் அடியில் பாய் விரித்தது போலப் பரவும், ஒட்டாவிட்டால் பொத்தான் போலக் குவியும். ஒவ்வொரு டயாலிசிஸ் மாற்றத்துக்குப் பின்னும் ஒட்டும் எல்லை (எத்தனை மடங்கு நீர்த்தாலும் இன்னும் ஒட்டுகிறது என்பது) ஏறிக்கொண்டே போனால் சர்க்கரை இன்னும் வெளியேறிக்கொண்டிருக்கிறது என்று பொருள், நின்றுவிட்டால் முடிந்தது. நிலக்கடலை லெக்டினுக்கு இந்தச் சோதனை செய்தால், சியாலிக் அமிலம் நீக்கப்பட்ட அணுக்கள் வேண்டும். இல்லையென்றால் நல்ல புரதமும் செத்ததுபோல் தெரியும்.

ஜெல்லில் ஒரு பட்டைக்குப் பதில் மூன்று பட்டை தெரிகிறது. புரதம் சிதைந்துவிட்டதா?

கன்கனாவலின்-ஏவில் இது இயல்பு. விதைக்குள்ளேயே சங்கிலியை வெட்டி, முனைகளை இடம்மாற்றி ஒட்டும் வேலை நடக்கிறது. ஒட்டாமல் விடுபட்ட துண்டுகளும் கூடவே வரும். துண்டு கலந்த புரதம் படிகமாகும், ஆனால் படிகம் சிறிதாகவும் ஒழுங்கற்றும் நிற்கும். அம்மோனியம் பைகார்பனேட் கரைசலில் 37 டிகிரியில் வைத்தால் துண்டு கொண்ட மூலக்கூறுகள் வீழ்படிவாகும், முழுச் சங்கிலி கரைசலில் நிற்கும். வேறு விதைகளில், உதாரணமாகக் கோதுமை முளை லெக்டினில், நெருங்கிய ஒப்புமையுள்ள பல வடிவங்கள் கலந்திருக்கும். அவற்றை அயனிப் பரிமாற்றப் பத்தியில்தான் பிரிக்க முடியும்.

எவ்வளவு சர்க்கரை சேர்க்க வேண்டும்?

"பத்து மடங்கு" என்று வாய்வழியாக ஓடும் விதி பாதிதான் சரி. எதற்குப் பத்து மடங்கு? புரதத்தின் செறிவுக்கு அல்ல, பிரிகை மாறிலிக்கு, அதாவது பாதிக் குழிகள் நிரம்பத் தேவைப்படும் தனிச் சர்க்கரையின் செறிவுக்கு.

10 மி.கி./மில்லி கன்கனாவலின்-ஏ என்பது 0.39 மில்லிமோலார் குழிகள். மெத்தில் ஆல்ஃபா-மேனோசைடின் பிரிகை மாறிலி சுமார் 0.1 மில்லிமோலார். பிணையாமல் தனியாக நிற்கும் சர்க்கரை 1 மில்லிமோலார் இருந்தால் 91% குழிகள் நிரம்பும். பிணைந்ததையும் கூட்டினால் மொத்தம் 1.36 மில்லிமோலார் வேண்டும். பிரிகை மாறிலி 1 மில்லிமோலாராக இருக்கும் சர்க்கரைக்கு அதே நிரப்பலுக்கு 10.4 மில்லிமோலார், 5 மில்லிமோலாருக்கு 50-க்கும் மேல். நடைமுறையில் ஒற்றைச் சர்க்கரைக்கு 10 முதல் 50 மில்லிமோலார் வைப்பது இதனால்தான். நீண்ட சங்கிலிக்கு இவ்வளவு தேவையில்லை. கன்கனாவலின்-ஏவுக்கு மூன்று மேனோஸ் கொண்ட கிளைச் சர்க்கரை சில மைக்ரோமோலாரிலேயே பிடித்துக்கொள்ளும். விலை கூடிய சங்கிலியை வீணாக்க வேண்டாம், குழிகளின் எண்ணிக்கையைவிடச் சற்றே கூடுதலாக இருந்தால் போதும்.

துளியில் புரதமும் தேக்கக் கரைசலும் சம அளவு கலக்கும்போது சர்க்கரை பாதியாகும். ஆவி விரவலில் நீர் வெளியேறியதும் ஏறக்குறைய பழைய செறிவுக்குத் திரும்பிவிடும். ஆகவே ஆவி விரவலில் இதற்காகத் தனியாகக் கவலைப்பட வேண்டியதில்லை. எண்ணெய்க்கு அடியில் வைக்கும் மைக்ரோபேட்ச் முறையில் செறிவு அப்படித் திரும்பாது, அங்கே இரண்டு மடங்காக வையுங்கள்.

மெத்தில் மேனோசைடின் மூலக்கூறு எடை 194. 1 மில்லிக்கு 194 மி.கி. கரைத்தால் 1 மோலார். 0.22 மைக்ரான் வடிகட்டியில் செலுத்தி −20 டிகிரியில் வையுங்கள். 100 மைக்ரோலிட்டர் புரதத்துக்கு 1 மைக்ரோலிட்டர் சேர்த்தால் ஏறத்தாழ 10 மில்லிமோலார். பனிக்கட்டி மேல் அரை மணி நேரம் வைத்து, சுழற்றித் தெளியவிட்டு, பிறகு துளி போடுங்கள்.

சாதாரண மேனோஸ் இருக்க, மெத்தில் சேர்த்தது எதற்கு?

சாதாரணச் சர்க்கரை கரைசலில் ஆல்ஃபா, பீட்டா என்று இரண்டு வடிவமாகப் புரண்டுகொண்டிருக்கும். மேனோஸில் மூன்றில் இரண்டு பங்கு ஆல்ஃபா, குளுக்கோஸில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே மேல். லெக்டின் ஒன்றை மட்டும் விரும்பினால் உண்மையான செறிவு குறையும். இரண்டையும் ஏற்றால் அடர்த்தி வரைபடத்தில் முதல் கார்பன் மங்கலாகும். மெத்தில் கட்டிவிட்டால் வடிவம் புரளாது. நைட்ரோஃபீனைல் வகைகளும் நன்றாகப் பிணையும், ஆனால் நீரில் குறைவாகவே கரையும். கரைக்க டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானைச் சேர்த்தால் அது 5%-ஐத் தாண்டவிடாதீர்கள்.

சர்க்கரையோடு சேர்த்தே படிகமாக்குவதா, படிகம் வந்த பிறகு ஊறவைப்பதா?

சேர்த்தே படிகமாக்குங்கள். ஊறவைத்தல் இரண்டாம் வழி. லெக்டினின் குழி புரதத்தின் மேற்பரப்பில் ஆழமில்லாத பள்ளமாக இருப்பதுதான் காரணம். படிகம் அடுக்கும்போது பக்கத்து மூலக்கூறின் ஒரு வளையம் அந்தப் பள்ளத்தின் மேலேயே வந்து உட்காரலாம். அப்போது சர்க்கரை நுழையவே முடியாது, நுழைந்தால் அடுக்கு குலையும். கன்கனாவலின்-ஏயின் பெயர்பெற்ற ஐ222 (சமச்சீர் வகையின் பெயர்) படிகங்கள் இதற்குப் பாடமான உதாரணம்: சர்க்கரைக் கரைசலில் போட்டதும் விரிசல் விட்டுக் கரைந்துவிடும். கட்டமைப்பு வந்து பதினேழு ஆண்டுகள் கழித்து, 1989-இல்தான் மெத்தில் மேனோசைடு பிணைந்த கட்டமைப்பு 2.9 ஆங்ஸ்ட்ராமில் வந்தது, அதுவும் சர்க்கரையோடு சேர்த்தே வளர்த்த வேறு படிகத்திலிருந்து.

சேர்த்து வளர்ப்பதன் தொல்லை, ஒவ்வொரு சர்க்கரைக்கும் நிபந்தனைகளைப் புதிதாகத் தேட வேண்டியிருப்பது. முன்பு வந்த படிகத்தை நசுக்கி விதையாக இட்டால் பாதி வேலை குறையும். ஒரு படிகத்தை 50 மைக்ரோலிட்டர் தேக்கக் கரைசலில் நொறுக்கி, 10, 100, 1000 மடங்கு நீர்த்து, ஒவ்வொன்றிலும் 0.2 மைக்ரோலிட்டர் துளியில் சேருங்கள்.

ஊறவைப்பதே வசதி என்றால், தேக்கக் கரைசலைவிட 2 முதல் 5% கூடுதல் பெக் (பாலிஎத்திலீன் கிளைக்கால்) உள்ள கரைசலில் சர்க்கரையை 5, 20, 50 மில்லிமோலார் எனப் படிப்படியாக ஏற்றுங்கள். ஒற்றைச் சர்க்கரைக்கு சில நிமிடம் முதல் சில மணி நேரம். விரிசல் தெரிந்தால் அதை நல்ல செய்தியாகவும் எடுத்துக்கொள்ளலாம்: பிணைகிறது, ஆனால் அடுக்கு தாங்கவில்லை. உடனே சேர்த்து வளர்க்கும் வழிக்குத் திரும்புங்கள்.

ஆரம்பத் தேடலுக்கு என்ன வைப்பது?

ஜெல் வடிகட்டலில் ஒற்றை உச்சியாக வந்த புரதம், 8 முதல் 12 மி.கி./மில்லி, 20 மில்லிமோலார் ஹெப்பெஸ் பிஹெச் 7.4, 100 மில்லிமோலார் சோடியம் குளோரைடு, தேவையான உலோகங்கள், சர்க்கரை. 96 நிபந்தனைத் தட்டில் 0.2 + 0.2 மைக்ரோலிட்டர் துளி, 20 டிகிரி. சர்க்கரை இல்லாத அதே புரதத்தையும் பக்கத்துத் துளியில் வையுங்கள். இரண்டிலும் ஒரே படிகம் வந்தால் குழி மூடியிருக்கலாம் என்று முன்கூட்டியே சந்தேகப்படலாம். சர்க்கரையோடு மட்டும் வந்தால் மகிழ்ச்சி. 1, 3, 7, 14, 30-ஆம் நாட்களில் பாருங்கள்.

பாதித் துளிகளுக்குக் குறைவாக வீழ்படிவு வந்தால் புரதச் செறிவு போதவில்லை. முக்கால்வாசித் துளிகள் முதல் நாளே பழுப்பாகச் சுருண்டால் செறிவு அதிகம். நம்பிக்கை தரும் நிபந்தனையைப் பிறகு 24 குழித் தட்டில் விரிக்கலாம்: 500 மைக்ரோலிட்டர் தேக்கம், 1 + 1 மைக்ரோலிட்டர் தொங்கு துளி, பெக் 3350-ஐ 2% படியாக, பிஹெச்சை 0.3 படியாக. போரேட் பஃபரை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அது சர்க்கரையின் பக்கத்துப் பக்கத்து ஹைட்ராக்சில்களைப் பிடித்துக்கொண்டு விடாது.

சர்க்கரை சேர்த்த கணமே புரதம் பால்போல் திரிந்துவிட்டது. ஏன்?

நான்கு குழியுள்ள புரதத்துக்கு இரண்டு கைகள் உள்ள சர்க்கரையைக் கொடுத்திருப்பீர்கள். ஒவ்வொரு சர்க்கரையும் இரண்டு புரதங்களைக் கோக்க, முழுதும் வலையாகிவிடும். கிளைத்த சங்கிலிகளில் இது தவிர்க்க முடியாதது. வலை ஒழுங்காகப் பின்னினால் அதுவே படிகமாகும் என்பதும் உண்மை: சோயா லெக்டின் இரு கிளைச் சர்க்கரையோடு அப்படித்தான் குறுக்குப் பிணைந்த படிகமாக வந்திருக்கிறது. புரதத்தை 1 முதல் 2 மி.கி./மில்லிக்குக் குறைத்து, சர்க்கரையை மெதுவாகச் சேர்த்துப் பாருங்கள். நோக்கம் குழியைப் பார்ப்பது மட்டும் என்றால், ஒரு கை உள்ள சர்க்கரைக்கு மாறுவதே புத்திசாலித்தனம்.

வந்தது புரதப் படிகமா, உப்பா?

கால்சியம் உள்ள புரதத்தைப் பாஸ்பேட் நிபந்தனையில் போட்டிருந்தால் உப்பு என்றே முதலில் எண்ணுங்கள். கால்சியம் பாஸ்பேட் அழகாகவே படிகமாகும். ஊசியால் தொட்டால் புரதம் வெண்ணெய்க்கட்டி போல உடையும், உப்பு டக்கென்று தெறிக்கும். புறஊதா ஒளியில் டிரிப்டோஃபேன் உள்ள புரதம் ஒளிரும்.

துளியில் நூல்நூலாக ஏதோ வளர்கிறது.

பூஞ்சை. சர்க்கரை அதற்கு விருந்து. எல்லாக் கரைசலையும் வடிகட்டுங்கள், 0.02% சோடியம் அசைடு சேருங்கள். அசைடு நஞ்சு, அமிலத்தோடு கலக்கக்கூடாது.

என் லெக்டினின் மேலேயே சர்க்கரைக் கிளைகள் உள்ளன. வெட்டிவிடலாமா?

வெட்டினால் படிகம் மேம்படும் வாய்ப்பு உண்டு, கிளைகள் ஒரே நீளத்தில் இருப்பதில்லை என்பதால். ஆனால் கிளையை வெட்டும் வழக்கமான நொதியான பிஎன்ஜிஏஸ்-எஃப் தாவரப் புரதங்களில் அடிக்கடி தோற்கும். தாவரங்கள் கிளையின் அடியில் ஆல்ஃபா-1,3 பிணைப்பில் ஃபியூகோஸ் வைக்கின்றன, அது இருந்தால் இந்த நொதி வெட்டாது. பிஎன்ஜிஏஸ்-ஏ வெட்டும், ஆனால் மடிந்த முழுப் புரதத்தில் தடுமாறும். மேனோஸ் மிகுந்த கிளையாக இருந்தால் எண்டோ-ஹெச் போதும். இவை எதுவும் சரிவராவிட்டால் ஈ. கோலையில் உற்பத்தி செய்யுங்கள், கிளையே இருக்காது. ஜாக்கலின் போன்றவற்றில் இது பிரச்சினை: விதைக்குள் சங்கிலி வெட்டப்படும்போது உருவாகும் கிளைசின் முனைதான் கேலக்டோஸைப் பிடிக்க உதவுகிறது. பாக்டீரியாவில் அந்த வெட்டு நடக்காது.

உறையவைக்கும்போது கிளிசரால் பயன்படுத்தலாமா?

முடிந்தவரை வேண்டாம். கிளிசராலுக்கும் சர்க்கரைபோல அடுத்தடுத்து ஹைட்ராக்சில்கள் உண்டு, அதே இடத்தில் அதே ஹைட்ரஜன் பிணைப்புகளைப் போட்டுக்கொள்ளும். 20% கிளிசரால் என்பது சுமார் 2.7 மோலார். உங்கள் சர்க்கரை 10 மில்லிமோலார். 270 மடங்கு கூடுதலாக நிற்கும் ஒன்றோடு போட்டியிட வேண்டியிருக்கிறது. எத்திலீன் கிளைக்காலும் இந்தக் குற்றத்தைச் செய்யும்.

மாற்று: நிபந்தனையில் உள்ள பெக்கையே 30 முதல் 35% வரை ஏற்றுவது, பெக் 400, சோடியம் மேலோனேட், அல்லது பாரட்டோன் எண்ணெயில் படிகத்தை இழுத்துத் தாய்நீரை உதறுவது. எதைப் பயன்படுத்தினாலும், நீர்க்கரைசல் என்றால் அதில் சர்க்கரையைப் படிகம் வளர்ந்த செறிவிலோ அதைவிடக் கூடவோ கட்டாயம் சேருங்கள். பலவீனமாகப் பிணையும் சர்க்கரை, சர்க்கரையில்லாத கரைசலில் 30 விநாடி நனைந்தாலே வெளியேறத் தொடங்கிவிடும். இரண்டு மாத உழைப்பு இந்த அரை நிமிடத்தில் போவது இத்துறையில் மிகச் சாதாரணம்.

வரைபடத்தில் தெரிவது என் சர்க்கரைதான் என்று எப்போது சொல்லலாம்?

முதலில் சர்க்கரையை வைக்காமலே புரதத்தையும் நீரையும் முடிந்தவரை சீராக்குங்கள். குழிக்குள் நீரைக்கூட வைக்காதீர்கள். பிறகு, தரவில் இருந்து மாதிரியில் இல்லாததைக் காட்டும் வேறுபாட்டு வரைபடத்தை 3 சிக்மாவில் பாருங்கள். வளையம் முழுதும், வெளியே நீளும் ஆறாவது கார்பனும் தெரிய வேண்டும். 2 ஆங்ஸ்ட்ராமுக்கு நுணுக்கமான தரவில் நாற்காலி வடிவமே தெரியும். 2.5-இல் தட்டையான வில்லை போல மட்டும் தெரியும், அப்போது எந்த முனை எது என்பதை ஹைட்ரஜன் பிணைப்புகள்தான் சொல்ல வேண்டும். கன்கனாவலின்-ஏ என்றால் அஸ்பராஜின் 14, லியூசின் 99, டைரோசின் 100, அஸ்பார்ட்டேட் 208, ஆர்ஜினின் 228 ஆகியவை மேனோஸைத் தொட வேண்டும். கேலக்டோஸ் லெக்டின்களில் பெரும்பாலும் ஒரு அரோமாட்டிக் வளையம் சர்க்கரையின் ஒரு முகத்தோடு அடுக்கியிருக்கும். அது இல்லாமல் கேலக்டோஸ் அந்தரத்தில் நின்றால் திருப்பி வைத்துப் பாருங்கள்.

அடுத்தது, அணுக்கள் எவ்வளவு மங்கலாகத் தெரிகின்றன என்பதைச் சொல்லும் வெப்பக் காரணி. சுற்றியுள்ள பக்கச் சங்கிலிகள் 25-இல் இருக்க சர்க்கரை 80-க்கு ஏறினால், ஒன்று குழி பாதிதான் நிரம்பியுள்ளது, அல்லது அங்கே இருப்பது கிளிசரால் அல்லது பெக் துண்டு. சீராக்கும்போது சர்க்கரை வளையம் நாற்காலியிலிருந்து படகு வடிவத்துக்குச் சாய்ந்தால் தரவு அப்படிச் சொல்கிறது என்று உடனே நம்ப வேண்டாம். பெரும்பாலும் ஆல்ஃபாவுக்குப் பதில் பீட்டாவின் அகராதியை (சீராக்கும் நிரலுக்குச் சர்க்கரையின் வடிவத்தைச் சொல்லும் கோப்பு) கொடுத்திருப்பீர்கள். தரவு வங்கியில் இரண்டுக்கும் தனித்தனிக் குறியீடு: ஆல்ஃபா-மேனோஸ் எம்.ஏ.என்., பீட்டா பி.எம்.ஏ.; பீட்டா-கேலக்டோஸ் ஜி.ஏ.எல்., ஆல்ஃபா ஜி.எல்.ஏ. பெயர் தெரிந்ததுபோல் இருக்கும் குறியீட்டைத் தேர்ந்தெடுத்து மாட்டிக்கொள்வது அடிக்கடி நடக்கிறது. பிரைவட்டீர் என்ற சரிபார்ப்பு நிரல் இதையும் வளைய வடிவத்தையும் சொல்லிவிடும். 2020 ஜூலையில் புரதத் தரவு வங்கி தன் சர்க்கரைப் பதிவுகள் அனைத்தையும் திருத்தி வெளியிட்டது. மாதிரிக்குப் பழைய பதிவை இறக்கி வைத்திருந்தால் புதிதாக இறக்கிக்கொள்ளுங்கள்.

நான்கு துணையலகில் மூன்றில்தான் சர்க்கரை தெரிகிறது. நான்காவதிலும் வைத்துவிடலாமா?

கூடாது. அந்தக் குழியைப் பக்கத்து மூலக்கூறு மறைக்கிறதா என்று பாருங்கள். மறைத்தால் காரணம் கிடைத்துவிட்டது, அதைக் கட்டுரையில் அப்படியே எழுதுங்கள். மறைக்காவிட்டால் சர்க்கரையை இரட்டிப்பாக்கி இன்னொரு படிகம் எடுங்கள்.